எங்கள் பேரைப் போடுங்கள்: தேயிலை நூதனசாலைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்குத் தோட்ட வேலைக்கு வந்து 200 வருடமாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, வந்தார்கள். பழைய துரை பங்களாவில் நூதனசாலை (அருங்காட்சியகம்) வரப்போகிறது, தொழிலாளர் கதையையும் அதில் சொல்லப்போகிறோம், வீட்டில் பழைய சாமான் ஏதாவது இருந்தால் தாருங்கள் என்று கேட்டார்கள். அம்மா அவர்களை இஸ்தோப்பில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, நான்கு பொருட்களை எடுத்து வந்து கையில் தந்தார்.

ஒன்று, அவர் ஓய்வு பெறும்வரை சுமந்த கொழுந்துக் கூடை. இரண்டாவது, அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து வரும்போது உடம்பில் கட்டிக்கொண்டு வந்த தகரத்துண்டு. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் குத்தப்பட்டிருக்கும், பேர் இருக்காது. மூன்றாவது, 1950களில் என் தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக வந்த கடிதம். நான்காவது, அம்மாவின் இந்தியக் கடவுச்சீட்டு. அவர் இன்றுவரை கால் வைக்காத நாட்டின் கடவுச்சீட்டு.

கூடவே இரண்டு மணி நேரம் அவர் பேசியதையும் பதிவு செய்துகொண்டு போனீர்கள். பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) என்னை விட்டுவிட்டு மலைக்கு ஓடியது, அட்டைக்கடி, நிறுவையில் கிலோ குறைத்தது, தன் அக்கா இந்தியாவுக்குக் கோச்சி (ரயில்) ஏறிப் போனது, எல்லாவற்றையும் சொன்னார். எத்தனையோ முறை எங்களிடம் சொல்ல மறுத்த விஷயங்களை உங்கள் மைக்குக்கு முன்னால் சொன்னார். கடைசியில் உங்கள் ஆள் ஒருவர், தாலாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அதையும் பாடினார்.

போன மாதம் நூதனசாலை திறந்த பிறகு, தரம் 10 பிள்ளைகள் 32 பேரை அழைத்துக்கொண்டு வந்தேன். நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள். அம்மாவும் பஸ்ஸில் வந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அவருடைய கூடை ஒரு பொம்மைப் பெண்ணின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் காதோரம், "ஏம்புள்ள, கயித்த தோள்ல போட்டிருக்காங்க? ரெண்டு எட்டு வைக்க ஏலுமா?" என்று கேட்டார்.

கூடைக் கயிறு உச்சந்தலையில்தான் தங்கும். அம்மா முக்காட்டை விலக்கினால் நெற்றிக்கு மேலே, உச்சி வகிடுக்குக் குறுக்கே, ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லாத தடம் தெரியும். 40 வருடம் அந்தக் கயிறு உரசிய இடம். வேலையை விட்டு 20 வருடத்துக்கு மேலாகியும் அங்கே முடி வளரவில்லை. அந்த ஒரு தடத்தை உங்கள் ஆட்கள் கவனித்திருந்தால் கயிறு தோளுக்குப் போயிருக்காது. பொம்மை சிரித்துக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் "தேயிலை பறிக்கும் பெண்களின் பாரம்பரியக் கூடை" என்று எழுதியிருக்கிறது. கூடை யாருடையது, எத்தனை வருடம் யார் தலை அதைச் சுமந்தது என்ற விவரம் எதுவும் இல்லை.

தகரத்துண்டைத் தேடி நான்கு அறை சுற்றினோம். "தோட்டங்களில் புழங்கிய நாணயங்களும் டோக்கன்களும்" என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அது காசு இல்லை. ஒரு மனிதன் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவன் என்று அடையாளம் காட்ட அவன் மேலே கட்டிய தகரம். நிராகரிப்புக் கடிதமும் கடவுச்சீட்டும் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் அரசியல், வருகிறவர்கள் மனது கஷ்டப்படும்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். பாவம், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்லியிருப்பாள். இரண்டு மணி நேரப் பேச்சில் 40 விநாடி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாலாட்டு. அதற்கும் பேர் போடவில்லை.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். "உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்படும்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகுதான், பங்களாவுக்குப் பின்னால் உள்ள பழைய லயத்துக்குப் பெயின்ட் அடித்து, "லயன் அனுபவம்" என்று உல்லாசப் பயணிகளை ஓர் இரவு தங்கவைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தது. சேலை கட்டி, கூடை மாட்டி, அரை மணி நேரம் கொழுந்து எடுத்து, படம் பிடித்துக்கொண்டு போகலாமாம். அதே மலையில் இன்னும் ஆட்கள் லயத்தில் இருக்கிறார்கள். மழை பெய்தால் தகரக் கூரைக்குக் கீழே சட்டி வைக்கிறார்கள். இனி பேசாமல் இருக்க என்னால் முடியாது. உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தவறைச் செய்கிற இடம் உங்களுடையது மட்டும் இல்லை. மற்றவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் முதல் அறையிலிருந்து சொல்லுகிறேன். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை அழகாக இருக்கிறது. கோப்பியை 1869இல் இலைநோய் பிடித்தது, தோட்டங்கள் விழுந்தன, தேயிலை வந்து நாட்டைக் காப்பாற்றியது. கதை என்றால் ஒரு நாயகன், ஓர் ஆபத்து, ஒரு மீட்சி வேண்டும். உங்களுக்கு மூன்றும் கிடைத்துவிட்டன. டெய்லரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்கள்தான் அவர் உடலைக் கண்டி மகியாவ மயானம் வரை தோளில் சுமந்து போனார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. அத்தனை தூரம் மலை இறங்கிச் சுமந்த ஆட்கள் யார்? கோப்பி விழுந்தபோது வேலையில்லாமல் வந்த வழியே திரும்பிப் போனவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். உங்கள் அறையில் அந்தக் கேள்வியே இல்லை.

இயந்திர அறையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. சிராக்கோ உலர்த்தி, பெல்ஃபாஸ்ட்டில் டேவிட்சன் செய்தது. அதற்கு எதிர்ச் சுவரில் பெரிய புகைப்படம்: கைக்குழந்தையுடன் ஒரு பெண், பக்கத்தில் நான்கு பெண்கள், பின்னால் கையில் கம்போடு கங்காணி. அடியில் "தமிழ்க் கூலிகள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பழைய படத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது என்பீர்கள். சரி. நூறு வருடத்துக்கு முந்திய துரை எழுதியதை இன்று நீங்கள் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் திரும்ப எழுதினால் அது உங்கள் வார்த்தையாகத்தான் படிக்கப்படும். அதைப் படித்துவிட்டு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்.

தமிழ் டீச்சராக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "வருகை" என்ற அறையில் மூன்று வாக்கியம் இருக்கிறது: "தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். பெருந்தோட்டத் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர்." அடுத்த நாள் வகுப்பில் இதையே பயிற்சியாகக் கொடுத்தேன். செயப்பாட்டு வினையைச் செய்வினை ஆக்கி எழுதுங்கள் என்றேன். வழக்கமாகச் சுலபமான பயிற்சி. பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தார்கள். "டீச்சர், எழுவாய் இல்லையே, யாரைப் போடுறது?" என்றான் ஒருவன். தெரிந்ததைப் போடுங்கள் என்றேன்.

ஒருவன் "வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தனர்" என்று எழுதினான். இன்னொருத்தி "கங்காணி கொண்டுவந்தார்." மூன்றாவது பிள்ளை "பஞ்சம் கொண்டுவந்தது." கடைசி வரிசையில் எப்போதும் வாயைத் திறக்காத ஒருத்தி எழுதியிருந்தாள்: "யாரும் கொண்டுவரவில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டி புருஷனை விட்டுவிட்டுத் தானாக வந்தார்."

நான்குக்கும் சரி போட்டேன். நான்கும் நடந்தவை. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பிடித்த பெரும் பஞ்சம் நடந்தது. துரைமாரின் ஆள்தேவை இருந்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லி ஆள் சேர்த்த கங்காணி இருந்தார். கடன் துண்டு இருந்தது. ஓர் ஆள் தோட்டம் மாற வேண்டுமானால் அவன் கடனை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் மாற முடியும் என்று கட்டிப்போட்ட அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சாதிக்கும் வட்டிக்கும் மாமியாருக்கும் பயந்து, இதைவிட அது மேல் என்று முடிவு செய்து கடல் தாண்டியவர்களும் இருந்தார்கள். 15 வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு பாடவேளையில் எழுதிய வரலாறு உங்கள் மூன்று வாக்கியத்தைவிட நிறைவாக இருந்தது. கதை சொல்லுகிறவர் எழுவாயை எடுத்துவிட்டால் குற்றம் செய்தவரும் மறைந்துபோவார், துணிந்து புறப்பட்டவரும் மறைந்துபோவார். எங்களுக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அதே அறையில் ஒரு வரைபடம். ராமேஸ்வரத்திலிருந்து கண்டிக்கு ஒரு சிவப்பு அம்பு, நேர்கோடாக. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். அதற்கு முன்னால் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2023 ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் அந்த வழியை எங்கள் ஆட்கள் திரும்ப நடந்தார்கள். தார் ரோட்டில், தண்ணீர் போத்தலோடு, போகிற ஊரெல்லாம் சோறு போட்டவர்களின் துணையோடு நடந்தும் காலெல்லாம் கொப்புளம் என்றார்கள். உங்கள் அம்புக்கு அந்தத் தூரம் தெரியவில்லை.

மாடிப்படிச் சுவரில் ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. 1948: சுதந்திரம். அடுத்தது 1972, காணிச் சீர்திருத்தம். பிறகு 1992, தோட்டங்கள் கம்பனிகளுக்கு. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மா நின்றபோது எனக்கு வயிறு கலங்கியது. அவர் பிறந்தது 1949. அவர் பிறப்பதற்கு முந்திய வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில்தான் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் நாடில்லாதவர் ஆனார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு, அடுத்த தேர்தலில் வாக்கில்லை. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவோவும் சாஸ்திரியும், கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எந்த லயத்திலும் யாரிடமும் கேட்காமல் போட்ட கணக்கு அது.

தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வது என்றுதான் கொடுத்தார். பெரியம்மா 1970களின் தொடக்கத்தில் புருஷன் பிள்ளைகளோடு புறப்பட்டார். அழுகைக் கோச்சி என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். ஸ்டேஷனில் கோச்சி நகர ஆரம்பித்ததும் ஜன்னலில் இருந்தவர்களும் மேடையில் இருந்தவர்களும் ஒரே குரலாக அழுவார்களாம். பெரியம்மா ஜன்னல் வழியாக அம்மாவிடம் கொடுத்தது ஒரு தேங்காய்த் துருவி. "அங்க போய் வாங்கிக்கிறேன், நீ வச்சுக்க" என்றாராம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். இருவரும் பிறகு சந்திக்கவில்லை. அம்மாவின் முறை வருவதற்குள் 1984இல் கப்பலும் நின்றுவிட்டது. கையில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இலங்கை மலையில் கொழுந்து எடுத்தார். 2003இல் வந்த சட்டத்தில்தான் அவருக்கு இந்த நாட்டின் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு 54 வயது, எனக்கு 20. நானும் அன்றுதான் ஒரு நாட்டுக்காரி ஆனேன். இவ்வளவும் அந்த ஒரு கடவுச்சீட்டில் இருக்கிறது. அதை இழுப்பறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, தேயிலை டின்களின் வடிவமைப்பு எப்படி மாறியது என்பதற்கு ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருக்கிறீர்கள்.

போராடியவர்களுக்கும் சுவரில் இடமில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய் சங்கம் கட்டியது இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்தன் இல்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த கூட்டத்தில் குண்டுபட்டு இறந்த சிவனு லட்சுமணன் இல்லை. இவர்கள் பெயர் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மலையகத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள்.

பேர் என்று சொன்னதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கூலி. தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், விழும் பதிவு. சொன்ன கிலோ எடுத்தால் பேர். 18 கிலோ சொல்லி 15 கிலோ எடுத்தால் அரைப்பேர். காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) பிந்தினால் அன்றைக்குப் பேரில்லை. "இன்னைக்குப் பேர் கெடச்சுதா?" என்றுதான் சாயந்தரம் லயத்தில் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

உங்கள் மூன்றாவது அறையில் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று கண்ணாடிக்குள் விரித்து வைத்திருக்கிறீர்கள். குறிப்பில் "அக்காலக் கணக்கப்பிள்ளைமாரின் அழகிய கையெழுத்து" என்று இருக்கிறது. கையெழுத்து அழகுதான். ஆனால் அதில் எழுதியிருப்பது என்ன என்று உங்களில் யாரும் குனிந்து வாசித்துப் பார்த்தீர்களா? நான் வாசித்தேன். கருப்பாயி. மூக்காயி. சின்னச்சாமி. இன்னொரு கருப்பாயி. ஒவ்வொரு பேருக்கும் நேரே 1, 1, அரை, 1, அரை, பிறகு நான்கு நாள் வெற்றுக்கட்டம். ஒரு கருப்பாயிக்கு அந்த நான்கு நாள் என்ன ஆனது? காய்ச்சலா, பிள்ளை பிறந்ததா, பிள்ளை செத்ததா? ஐந்தாம் நாள் அரைப்பேர் போட்டிருக்கிறது. எழுந்து வந்துவிட்டாள். ஒரு நூதனசாலைக்கு இதைவிடப் பெரிய கதை எங்கிருந்து கிடைக்கும்? பேர்கள் தொலைந்துவிட்டன, ஆதாரமில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் கண்ணாடிக்குக் கீழேயே இருக்கின்றன.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. பங்களாவும் காணியும் கம்பனியுடையவை. டிக்கெட் வாங்கி வருகிறவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். நல்ல தேத்தண்ணி குடித்து, நல்ல படம் எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள். கசப்பான விஷயம் சொன்னால் வியாபாரம் கெடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உலகத்தில் இந்தப் பயத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தில், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000 பேரை அங்கிருந்து அகற்றினார்கள். 1994இல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள் அதற்கு நூதனசாலை வைத்தார்கள். தரையில் பெரிய தெரு வரைபடம். வெளியேற்றப்பட்டவர்களே வந்து, எங்கள் வீடு இங்கே இருந்தது என்று அதன் மேலேயே எழுதினார்கள். அமெரிக்காவில் லூசியானாவில் விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014இல் நூதனசாலையாகத் திறந்தது. முதலாளியின் மாளிகை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பேர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கதை அவர்கள் பக்கமிருந்துதான் நகர்கிறது. ஆட்களும் போகிறார்கள். இங்கேயே, கம்பளைப் பக்கம், பழைய லயக் காம்பராக்களிலேயே ஒரு தொழிலாளர் நூதனசாலையை நடத்துகிறார்கள். வசதி உங்களுக்கு இருப்பதில் கால்வாசி இருக்காது. அங்கே உள்ளே நுழையக் குனிய வேண்டும். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படிப் படுத்து எழுந்தது என்று குனிந்த அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகும். கடினமான வரலாறு எங்களுக்கும் கடினமாகத்தான் இருக்க வேண்டும். கங்காணி எங்கள் ஆள். தலைக்காசு வாங்கிக்கொண்டு சொந்த ஊர்க்காரனைக் கடனில் மாட்டிவிட்டவர் தமிழ் பேசினார், எங்கள் சாமியையே கும்பிட்டார். லயத்தைச் சாதி பார்த்துப் பிரித்தோம்; பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று அடித்துக்கொண்டோம். பெண் எடுத்த கொழுந்துக்குக் கூலியைப் புருஷன் போய் வாங்கினான். பாதி தவறணையில் (மதுக்கடையில்) கரைந்தது. அம்மா தன் பதிவில் இதையும் சொல்லியிருக்கிறார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அதையும் போடுங்கள். எங்களை வெறும் பாவப்பட்டவர்களாகக் காட்டினாலும் அது பொய்தான். சம்பளநாள் சந்தை உண்டு, காமன் கூத்து உண்டு, தப்புச் சத்தம் உண்டு, மலையில் நிரை பிடித்துக்கொண்டு பெண்கள் பேசுகிற பேச்சும் சிரிப்பும் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் அம்மா நான்கு தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். பொம்மையின் முகத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் சிரிப்பைவிட அது நன்றாக இருக்கும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த மண்ணுக்குள் போனவை உங்கள் குறிப்பு சொல்லும் அதே "பாரம்பரியக் குடியிருப்புகள்"தான். 2021இல் நாள் கூலி 1,000 ரூபா ஆவதற்கு எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். முடிந்துபோன காலத்துக்கு நினைவிடம் கட்டுகிற இடத்தில் நீங்கள் நிற்கவில்லை. இந்த மலையின் லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். "லயன் அனுபவம்" திட்டத்தை நிறுத்துங்கள். தள்ளிவைத்தால் போதாது. அந்த லயத்தில் கடைசியாக இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று தேடி, ஒரு காம்பராவையாவது அவர்கள் இருந்த மாதிரியே, அவர்கள் சொல்லச் சொல்ல அமையுங்கள். அதற்கு வாடகை வாங்காதீர்கள்.

பழைய செக்ரோல் புத்தகங்கள் எல்லாவற்றையும் திறந்து, பேர்களை எழுதி எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நுழைவாயிலில் போடுங்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் வந்து எழுதித் தருவார்கள். தன் பாட்டன் பாட்டி பேரைத் தேடி வருகிறவரிடம் டிக்கெட் கேட்காதீர்கள். "தமிழ்க் கூலிகள்" படத்துக்குக் கீழே, இது யார் வைத்த பெயர், எந்தக் காலத்தில், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். தோட்டங்களுக்கு அந்தப் படத்தின் பிரதியை அனுப்புங்கள். முகம் பார்த்துச் சொல்லக்கூடிய கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள்.

மாடிப்படிச் சுவரில் 1940, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964, 1974, 1977, 1983 கலவரம், 2003, 2014 ஆகியவற்றைச் சேருங்கள். "கொண்டுவரப்பட்டனர்" என்ற வாக்கியங்களை எழுவாயோடு திருத்தி எழுதுங்கள். வேண்டுமானால் என் பிள்ளைகள் எழுதிய நான்கு வாக்கியங்களையும் அப்படியே தருகிறேன். உங்கள் நிர்வாகக் குழுவில் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் இரண்டு பேரையாவது வாக்குரிமையோடு உட்காரவையுங்கள். அம்மாவின் முழுப் பதிவையும் கேட்கக் கிடைக்குமாறு செய்யுங்கள், அவர் பேரோடு. அதன் ஒரு பிரதி எங்களுக்கு வேண்டும். கேட்டு இரண்டு வருடமாகிறது.

தகரத்துண்டை நாணயப் பெட்டியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். கடிதத்தையும் கடவுச்சீட்டையும் வெளியே கொண்டுவாருங்கள். அடுத்த தைப்பொங்கலுக்குள் இது நடக்காவிட்டால் நான்கு பொருட்களையும் திருப்பித் தந்துவிடுங்கள். நாங்கள் பாடசாலையில் ஓர் அறை ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்.

கூடையை மட்டும் அதுவரை விட்டுவைக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கயிற்றை எங்கே மாட்ட வேண்டும் என்று அவரே காட்டித் தருவார். அந்தப் பொம்மை இருக்கிற அறையைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலைத் தமிழ் ஆசிரியை ஒருத்தி,
அந்தக் கூடைக்காரியின் மகள்